பிந்தி வந்த பருவம்

பிப்ரவரி 14-ஆம் தேதி இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டி தொடங்குமென்றும், பதினான்கு கிளப்புகளும் அதில் கலந்துகொள்ளுமென்றும் மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா 2026 ஜனவரி 6-ஆம் தேதி அறிவித்தபோது, அந்தச் செய்தி பெரும்பாலோருக்கு விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் கண்ணில் பட்டு மறைந்துபோகிற சமாசாரமாகவே இருந்திருக்கும். கிரிக்கெட்டுக்கே தன் மனத்தை முழுவதுமாக எழுதிக் கொடுத்துவிட்ட தேசத்தில் அது இயல்புதான். ஆயினும், சென்னைப் பட்டணத்திலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள தென்காசியில் இருந்துகொண்டு, சென்னையின் எஃப்.சி. என்னும் அணியை அது பிறந்த 2014-ஆம் ஆண்டு முதல் நெஞ்சில் வைத்துப் போற்றிவருகிற என் போன்ற ஒருவனுக்கு, 2025 மார்ச் மாதம் அந்த அணி தன் கடைசி லீக் ஆட்டத்தை ஆடி முடித்த நாள் தொட்டு மனத்தில் ஏறிக் கிடந்த பாரம் அன்றுதான் இறங்கிற்று.

புதிய பருவம் பிறக்கிற வேளையில் ஓர் அபிமானியின் மனநிலை எத்தகையது என்பதை, எந்த அணியையும் தன்னுடையது என்று எண்ணிப் பழகாதவர்களுக்கு எடுத்துச் சொல்வது எளிதல்ல. முதல் ஆட்டத்துக்கு முன்னால் வெளியாகும் புள்ளிப் பட்டியலை ஒரு முறை பார்க்கச் சொல்வேன். சென்ற பருவத்தில் லீக்கில் முதலிடத்தையும் இறுதிப் போட்டியையும் ஒருங்கே வென்ற மோகன் பகானுக்கும் அதில் பூஜ்யம். பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடத்தில் வந்து நின்ற எங்களுக்கும் பூஜ்யம். வெற்றி, தோல்வி, சமன், அடித்த கோல், வாங்கிய கோல் என்று நீளுகிற அத்தனை கட்டங்களிலும் ஒரே எண் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பட்டியலைப் போல எனக்கு நம்பிக்கையூட்டும் பத்திரம் வேறொன்றில்லை. சென்ற ஆண்டின் அவமானங்கள் யாவும் கழிந்துவிட்டன. இவ்வாண்டின் அவமானங்கள் இன்னும் பிறக்கவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள சில நாட்களில், புதிதாக வந்த வீரனின் பெயர் உச்சரிக்க வராவிட்டாலும் அவன்மேல் பிரியம் வந்துவிடுகிறது. கிளிஃபர்ட் மிராண்டாவைப் போன்ற ஓர் இந்தியர் பயிற்சியாளர் பொறுப்பில் இருக்கிறார் என்ற எண்ணமே, லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடப்படாத நிலையிலும், ஏதோ நல்லது நடக்கப் போகிறது என்ற தைரியத்தைத் தருகிறது.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது என்று சொல்பவர்கள் 2015-ஆம் ஆண்டை அறியாதவர்கள். அந்த ஆண்டு நவம்பர் நடுவில் சென்னை அணி பட்டியலின் கடைசிப் படியில் கிடந்தது. பிறகு மழை வந்தது. அடையாறும் கூவமும் கரை மீறி நகரத்துக்குள் புகுந்து, வீடு வாசல் இழந்த ஜனங்கள் மாடிகளில் நின்று உணவுப் பொட்டலங்களுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில், கால்பந்தைப் பற்றி நினைப்பதே பாபம் என்று தோன்றிற்று. அந்தச் சூழ்நிலையில்தான், லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்று எங்கள் அணி அரையிறுதிக்கு ஏறியது. சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதி ஆட்டத்தை வெள்ளத்தின் காரணமாகப் புனேக்கு மாற்றினார்கள். அந்நிய ஊரில், தனக்கென்று ஆர்ப்பரிக்க ஊரார் இல்லாத மைதானத்தில், கொல்கத்தாவை 3-0 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள்.

டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவின் ஃபதோர்தா மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டம் முடிய மூன்று நிமிஷங்களே இருக்கையில் கோவா 2-1 என்று முன்னே சென்றபோது, தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாங்கள் எழுந்து வெளியே போய்விடத்தான் நினைத்தோம். தொண்ணூறாவது நிமிஷத்தில் பந்து கோவாவின் கோல் காப்பாளர் மேல் பட்டு உள்ளே விழுந்தது. அந்தக் கூச்சல் அடங்குமுன், கூடுதலாகத் தரப்பட்ட நேரத்தில் கொலம்பியாக்காரர் மெண்டோசா அடித்த பந்தும் வலைக்குள் போயிற்று. தெருவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, ஒரு வெடிச் சத்தம் கேட்கவில்லை, மறுநாள் கடைத்தெருவில் அதைப் பற்றிப் பேசுவாரும் இல்லை. ஆனாலும் வெள்ளத்தில் நொந்துபோன ஒரு நகரத்துக்கு யாரோ சிலர் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டார்கள் என்ற நிறைவு, அந்த நகரத்தில் பிறக்காத எனக்கும் உண்டாயிற்று. நான் சென்னை அணிக்கு மனப்பூர்வமாக உரியவனானது அந்த இரவில்தான்.

2018 மார்ச் 17-ஆம் தேதி பெங்களூரு அணியை அவர்களுடைய கண்டீரவா மைதானத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பையைக் கொண்டுவந்த கதையும் உண்டு. ஒன்பதாவது நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி தலையால் முட்டிக் கோல் போட்டுவிட, அதற்குப் பதிலாகப் பிரேசில்காரர் மெய்ல்சன் ஆல்வஸ் இரண்டு முறை தலையாலேயே முட்டிக் கணக்கைத் தீர்த்தார். அந்த அணியில் வியாசர்பாடியின் குறுகிய சந்துகளில் பந்தாடி வளர்ந்த தனபால் கணேஷ் இருந்தார் என்பது எனக்குக் கோப்பையைவிடப் பெரிய சந்தோஷம். அதற்கு இரண்டு வருஷங்கள் கழித்து மூன்றாவது முறையாக இறுதிக்குப் போனபோது, கொரோனாவின் காரணமாக வெற்று நாற்காலிகளுக்கு முன்னால் ஆடி, கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றோம். ரசிகனே இல்லாத மைதானத்தில் உதைபட்ட பந்தின் ஒலி எவ்வளவு துலக்கமாகக் கேட்டது என்பதை அன்றைக்குத் தொலைக்காட்சியில் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அதன்பின் கோப்பை எங்கள் பக்கம் வரவில்லை.

எங்கள் பிரதேசத்தில் இந்த அபிமானத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. தென்காசியிலிருந்து மேற்கே சிறிது தூரம் போனால் செங்கோட்டை, அதற்கப்பால் புளியரை, மலையேறி இறங்கினால் ஆரியங்காவு. செங்கோட்டை 1956 நவம்பர் வரையில் திருவிதாங்கூரையும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்த ஊர். அங்கேயுள்ள வீடுகளில் பாதி உறவு கொல்லத்திலும் புனலூரிலும் இருக்கும். ஆகவே, கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் மஞ்சள் சட்டை அணிந்த பையன்களை எங்கள் பக்கத்துக் கடைவாசல்களில் பார்ப்பது அபூர்வமல்ல. எங்கள் அணியின் நீலச் சட்டை அணிந்தவர்களைக் காண்பதுதான் அபூர்வம். பந்தைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கும் ஊரில் வாழ்வது ஒரு பாக்கியம், அந்த ஆள் எதிரணிக்காரனாக இருந்தாலும்கூட. பார்டர் என்று நாங்கள் அழைக்கும் எல்லைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த புரோட்டாக் கடைக்காரர் ஒருவர், மஞ்சள் அணியின் தீவிர பக்தர், 2025 நவம்பரில் கல்லில் மாவைத் தட்டிப் போட்டுக்கொண்டே, “என்ன அண்ணாச்சி, இந்த வருசம் வெளையாடுவாவளா, மாட்டாவளா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எந்த அணி என்ற பேதம் இல்லை. மஞ்சள் அணியின் ஆட்டக்காரர் லூனாவைப் பற்றி நாங்கள் இருவரும் வாய்ச்சண்டை போட்டது எத்தனையோ நாள். அந்த லூனாவே பின்னர் ஆட்டம் இல்லாத ஊரில் இருந்து என்ன செய்வதென்று வெளிநாட்டுக் கிளப் ஒன்றுக்குக் கடனாகப் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, எனக்கும் வருத்தமாகவே இருந்தது.

நடந்தது என்னவென்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் ரிலையன்ஸ் தரப்பும் 2010-இல் பதினைந்து ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்குச் செய்துகொண்ட ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் தேதியோடு முடிகிறதென்பது, அதில் கையெழுத்திட்ட நாளிலேயே எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அது புதுப்பிக்கப்படவில்லை. சம்மேளனத்தின் சட்டதிட்டங்கள் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நிலுவையில் இருந்தது. ஜூலை 11-ஆம் தேதி லீக்கை நடத்துகிற கம்பெனி, பருவத்தை நிறுத்திவைப்பதாகக் கிளப்புகளுக்குத் தெரிவித்தது. ஆகஸ்டில் பெங்களூரு கிளப்பும், அதைத் தொடர்ந்து சென்னையின் கிளப்பும் ஆட்டக்காரர்களுக்கும் சிப்பந்திகளுக்கும் சம்பளத்தை நிறுத்திவைத்தன. செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. லீக்கை நடத்தும் உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7-ஆம் தேதி கெடு முடிந்தபோது ஒருவரும் விலை கேட்டிருக்கவில்லை. இந்தியக் கால்பந்தின் உரிமையை வாங்கிக்கொள்ள ஆளில்லை என்ற அந்தச் செய்தியைப் படித்த மாலைப்பொழுது எனக்கு மிகவும் கசப்பானது. ஜனவரி தொடக்கத்தில், சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து முதலிய நாடறிந்த ஆட்டக்காரர்கள் உலகக் கால்பந்துச் சம்மேளனத்தை நோக்கி, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று பகிரங்கமாக முறையிட வேண்டியதாயிற்று. தேசத்துக்காக அத்தனை கோல்களை அடித்த சேத்ரி போன்ற ஒருவர் கைகூப்பிக் கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டாரே என்பதை நான் இன்னும் ஆற்றிக்கொள்ளவில்லை.

இத்தனை மாதங்களில், இவர்களுள் எவரும் ரசிகனிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. கோர்ட்டுக்குக் கட்சிக்காரர்கள் உண்டு, டெண்டருக்கு ஆலோசகர்கள் உண்டு, கிளப்புகளுக்கு முதலாளிகள் உண்டு. டிக்கெட் வாங்குபவனுக்கு மட்டும் எந்த மேஜையிலும் ஒரு நாற்காலி கிடையாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பருவம் தப்பினால் என்ன நேருமென்பது அனுபவத்தில் தெரிந்த விஷயம். ஆனி பிறந்து, கேரளத்தில் தென்மேற்குப் பருவக் காற்று ஊன்றி, சாரல் மலையைத் தாண்டி இப்பால் விழத் தொடங்கினால்தான் குற்றாலத்துக்கு உயிர். அருவியில் தண்ணீர் விழுவது குளிப்பவர்களுக்காக மட்டுமன்று. லாட்ஜு நடத்துகிறவர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடையில் அடுக்கி விற்கிற அம்மாள், சிப்ஸ் வறுக்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் ஆகிய அத்தனை பேரும் அந்த மூன்று மாதச் சம்பாத்தியத்தை நம்பியே மீதி ஒன்பது மாதத்தை ஓட்டுகிறார்கள். சாரல் ஒரு மாதம் பிந்தினால் ஐந்தருவிச் சாலையில் நடந்தாலே அது தெரிந்துவிடும். பாதிக் கடைகள் தட்டி சாத்திக் கிடக்கும். கால்பந்துப் பருவமும் அப்படிப்பட்டதே. நட்சத்திர ஆட்டக்காரர்கள் வேறு தேசத்துக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வார்கள். புல்லை வெட்டிக் கோடு போடுகிறவருக்கும், ஆட்டக்காரர்களின் தசைப் பிடிப்பை நீவி விடுகிறவருக்கும், சட்டைகளைத் துவைத்து எண் பார்த்து மாட்டிவைக்கிறவருக்கும், முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பதினெட்டு வயதில் காத்திருந்த பையனுக்கும் அந்தப் போக்கிடம் இல்லை. சாரல் பிந்தினால் வானத்தைப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால், பதினைந்து வருஷங்களுக்கு முன்பே தேதி குறித்துவைத்த ஓர் ஒப்பந்தம் முடிவுக்கு வருவதை எதிர்பாராத விபத்தாக்கியவர்கள் மனிதர்கள். அதற்கு அவர்கள் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

ரசிகன் யார் என்ற கேள்விக்கு எங்கள் குற்றாலம் ஒரு காலத்தில் விடை சொன்ன ஊர். ரசிகமணி என்று தமிழுலகம் கொண்டாடிய டி.கே. சிதம்பரநாத முதலியார் தமது பிற்காலத்தைக் கழித்தது அங்கேதான். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்து தங்கிப் போன வீடு அங்கேதான் இருந்தது. ஒரு செய்யுளைப் பாடி, நிறுத்தி, அதன் இன்பத்தைத் தாம் அனுபவிக்கும் போதே பக்கத்தில் இருப்பவரையும் அனுபவிக்கச் செய்வதைத் தம் வாழ்நாளின் தொண்டாகவே அவர் கொண்டிருந்தார். கவிதையைக் கால்பந்தோடு சேர்த்துப் பேசுவது அபசாரமென்று சிலர் எண்ணக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சென்னை நேரு விளையாட்டரங்கில் பி ஸ்டாண்டு என்று ஒரு பகுதி உண்டு. பொதிகை எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறி, மறுநாள் காலை எழும்பூரில் இறங்கி, அன்று இரவு ஆட்டத்துக்கு அங்கே போய் நின்றபோது, ஓர் இளைஞனைக் கவனித்தேன். முன்வரிசைக் கம்பியின்மேல் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி நின்றான். முரசடிக்கிறவனுக்குக் கையால் தாளம் காட்டினான். கூட்டத்தின் குரல் எந்த மூலையில் தொய்கிறதோ அந்த மூலையை நோக்கித் தொண்டை கிழியக் கத்தினான். கழுத்தில் நீலத் துணி நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் அணி கோல் அடித்தபோது எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் அவனுக்கு அது தெரிந்தது. பந்து வலைக்குள் போவதைக் காணும் சுகத்தையும் பிறருக்காக விட்டுக்கொடுத்து நிற்கிற அவனுக்கு, ரசிகமணியின் ஊர்க்காரனான நான் ரசிகன் என்னும் பட்டத்தைத் தயங்காமல் கொடுப்பேன்.

அவனைப் போன்றவர்களுக்கு அதிகாரம் இருக்கும் தேசங்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் கிளப்புகளின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அங்கத்தினர்களிடமே இருக்கவேண்டுமென்பது பொது விதி. லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பகுதியை முதலீட்டாளருக்கு விற்க அங்குள்ள நிர்வாகிகள் திட்டமிட்டபோது, ரசிகர்கள் வாரந்தோறும் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பெரிய கிளப்புகள் தங்களுக்குள் தனி லீக் ஒன்றை அமைக்கப் புறப்பட்டபோது, இங்கிலாந்தின் ரசிகர்கள் மைதானங்களின் வாசலில் திரண்டு நின்ற வேகத்தில் அந்த ஏற்பாடு மூன்று நாட்களுக்குள் குலைந்துபோயிற்று. அதே இங்கிலாந்தில், கிளப்புகள் தங்கள் ரசிகர்களைக் கலந்துகொள்ள வேண்டுமென்பதைச் சட்டமாக்கி, கண்காணிப்பதற்குச் சுதந்திரமான ஓர் அமைப்பையும் 2025-இல் உண்டாக்கியிருக்கிறார்கள். அந்தத் தேசங்களின் செல்வம் நமக்கில்லை என்பது உண்மை. ரசிகனை ஒரு தரப்பாக மதிப்பதற்குச் செல்வம் தேவையில்லை.

நம்மிடம் சரக்கில்லை என்ற வாதத்தையும் நான் ஏற்கமாட்டேன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல், 1960-இல் ரோம் நகரில் பெரு தேசத்துக்கு எதிராக அடிக்கப்பட்டது. அதை அடித்தவர் தமிழகத்தைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ். அறுபத்தாறு வருஷங்களாக அந்தப் பெருமைக்கு அடுத்த வாரிசு வரவில்லை. காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூரிலிருந்து கிளம்பிய சிவசக்தி நாராயணன் 2022-இல் டுராண்ட் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பெங்களூருவுக்காகக் கோல் அடித்ததை நினைத்துப் பார்க்கிறேன். குமரிக் கடற்கரை மணலிலும் வியாசர்பாடியின் சிமெண்டுத் தரையிலும் இன்னும் எத்தனையோ பையன்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு வருஷம் தவறாமல் நடக்கிற லீக் ஒன்று கண்ணெதிரே இருந்தால்தான், வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளையைத் தகப்பனார் படிப்பைக் காரணம் காட்டி வீட்டுக்குள் இழுக்காமல் இருப்பார்.

ஆகவே இந்தப் பருவத்தைக் குறைகளோடு வரவேற்கிறேன். சென்ற முறை அணிக்கு இருபத்துநான்கு ஆட்டங்கள் இருந்தன. இம்முறை ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் ஒரே ஒரு தடவை மோதுவதென்று திட்டம், ஆகமொத்தம் 91 ஆட்டங்கள், எங்களுக்குப் பதின்மூன்றே. தொடக்கத்தில் தடுமாறினால் 2015-ஐப் போல எழுந்து நிற்க அவகாசம் கிடைக்காது. மஞ்சள் சட்டைக்காரர்களோடு லீக்கில் ஒரே ஒரு சந்திப்புதான், பழிக்குப் பழி வாங்க மறு ஆட்டம் இல்லை. புதிதாக வரும் அணியான வாராணசியின் இன்டர் காசியைக் காண எனக்குத் தனி ஆசை. பராக்கிரம பாண்டியன் விசுவநாதருக்குக் கோயிலெடுத்த ஊரில் இருப்பவனுக்கு அந்தக் காசியின் அணி வந்து ஆடுவதில் ஒரு பிரியம் தோன்றுவது இயற்கை.

சம்மேளனத்தாரிடமும் கிளப்புகளிடமும் நான் கேட்பது இரண்டு காரியங்கள். இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் முடிவதற்குள் அடுத்த பருவம் தொடங்கும் தேதியை அறிவித்துவிட வேண்டும், பிறகு அதை மாற்றக் கூடாது. லீக்கை நடத்தும் குழுவில் சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்டு புளூஸ், மஞ்சப்படை முதலிய ரசிகர் மன்றங்களின் பிரதிநிதிகளுக்கு ஓட்டுரிமையுடன் இடம் தர வேண்டும். பார்டர் புரோட்டாக் கடைக்காரரிடம் இவ்விரண்டையும் சொன்னபோது, தாமும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். தம் கடைக்கு வரும் மஞ்சள் சட்டைப் பையன்களிடமும் வாங்கித் தருவதாக ஏற்றிருக்கிறார். எங்கள் விண்ணப்பம் முதல் ஆட்டத்துக்கு முன்பாகச் சம்மேளனத்துக்குத் தபாலில் போகும்.